பக்கத்து இருக்கையின் பிரேக்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குக் ‘கண்ணாடி மேடம்’ என்று பட்டம். “முதல்ல கண்ணாடியப் பாருங்க” என்று ஓயாமல் சொல்லிச் சொல்லி வந்தது. பதினாறு வருடமாகப் பயிற்சிக் காரின் பக்கத்து இருக்கையில்தான் அவள் பிழைப்பு. அந்த இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் தடுமாறினால் அவள் மிதிப்பதற்கு.

சமீபத்தில் அவளிடம் பழகியவர்கள் வரிசையாகத் தேர்வில் தோற்றார்கள். பள்ளி முதலாளி ஐந்து தேர்வுத் தாள்களை மேசையில் பரப்பினார்.

“அஞ்சுலயும் ஒரே குறை மேடம். பிரேக் போட லேட்டாகுதாம்.”

“என்கூட ஓட்டும்போது எல்லாம் ஒழுங்காத்தான் நிறுத்துறாங்க சார். அங்க போய்ச் சொதப்புனா நான் என்ன பண்றது?”

அன்று மாலை முதலாளியே பின் இருக்கையில் ஏறிக்கொண்டார். ஓட்டியது ஒரு பல் டாக்டர் அம்மாள். ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி அழகாக நின்றது. நிறுத்தியது மேடத்தின் கால். டாக்டரின் கால் தன் பிரேக்குக்கு நகர்வதற்குள் இவள் மிதித்துவிடுகிறாள். மிதிப்பது அவளுக்கே தெரியவில்லை.

“நான் பல்லு பிடுங்கும்போது யாராவது பாதியில என் கையப் பிடிச்சா எப்படியிருக்கும்?” என்றாள் டாக்டர்.

முதலாளி சிரிக்கவில்லை. “அடுத்த மாசம் இவங்களுக்குத் தேர்வு. அதே குறை வந்தா நீங்க ஆபீஸ்ல உக்காந்து விண்ணப்பம் நிரப்புங்க. அதுக்குள்ள யாரையாவது போய்ப் பாருங்க.”

அவள் பார்த்தது எலும்பு டாக்டரை. அவர் படம் எடுத்து, காலில் கோளாறு இல்லை என்று சொல்லி, மூன்றாவது மாடியில் இருக்கும் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்.

அங்கே இரண்டு நாற்காலி, ஒரு கடிகாரம், ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டி. இதை வைத்துக்கொண்டு என்னதான் செய்வார்கள் என்று பார்க்கும் ஆவலில்தான் உட்கார்ந்தாள். பேச்சு இரண்டு வருடத்துக்கு முந்தைய விபத்துக்குப் போனது. தம்பி ஓட்ட, இவள் பக்கத்தில். சந்துக்குள்ளிருந்து ஒரு லாரி பின்பக்கமாகவே சாலைக்கு வந்து இடித்தது.

“அவன் பாக்கல. நான் மிதிச்சேன். அங்க பிரேக் இல்ல.” தம்பி இன்னும் நொண்டுகிறான்.

“இப்ப உங்க கால் என்ன செய்யுது, பாருங்க” என்றார் ஆலோசகர்.

குனிந்து பார்த்தாள். வலது கால் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது, விரல் எல்லாம் சுருண்டு.

“அட! இது எப்ப ஆரம்பிச்சது?”

மாத்திரை தருவார்கள், இல்லை புத்தி சொல்வார்கள் என்று நினைத்திருந்தாள். கிடைத்தது வீட்டுப்பாடம். குதிகாலைத் தரையில் ஊன்ற வேண்டும். மிதிக்கத் தோன்றினால் கண்ணில் படுவதை முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நிஜமான ஆபத்து என்றால் எதையும் யோசிக்காமல் மிதிக்கலாம்.

இரண்டாவது வாரம் அழுததில் மூக்கடைப்புதான் மிச்சம். இனி வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் ஆலோசகர் கேட்ட ஒரு கேள்வி அவளை விடவில்லை. “தம்பி பாக்கலன்னு உங்களுக்கு யார் சொன்னது?”

யாரும் சொல்லவில்லை. நேரே தம்பியின் செல்போன் பழுதுபார்க்கும் கடைக்குப் போனாள்.

“நான் பாத்தேன்க்கா” என்றான் அவன், திருகாணியிலிருந்து கண்ணை எடுக்காமல். “நல்லா அழுத்தித்தான் மிதிச்சேன். ரோடு ஈரம், வழுக்கிருச்சு. மிதிக்கலன்னா இப்ப வந்து என்னை விசாரிக்க நீ இருந்திருக்க மாட்ட.”

“ஏன்டா இத்தன நாள் சொல்லல?”

“நீ எங்க கேட்ட? வந்தா மாத்திர போட்டியா, கால நீட்டுனியான்னுதான் கேப்ப. சரி, கார் வெளியிலதான் நிக்குது. வா, ஒரு சுத்து போயிட்டு வரலாம்.”

“எனக்கு வேல இருக்கு” என்று எழுந்து வந்துவிட்டாள்.

தம்பி சொன்னதை மறுபடி மூன்றாவது மாடியில் போய்ச் சொன்னாள். “உங்க கால் பயந்ததுல தப்பே இல்ல” என்றார் ஆலோசகர். “அன்னிக்கு நிஜமாவே ஆபத்து. ஆனா கால் இன்னும் அதே தெருவுலயே நிக்குது.”

இது மந்திரம் இல்லை. அடுத்த பாடத்திலும் நாலைந்து தடவை மிதித்தாள். ஆனால் மிதிப்பது தெரிந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் ஒரு பெரியவர் கைத்தடியோடு சாலையில் இறங்கினார், நல்ல தூரத்தில். மேடத்தின் குதிகால் தரையில். “பெரியவர், கைத்தடி, இறங்கிட்டார்” என்றாள் சத்தமாக. கால் எழும்பி பிரேக்குக்கு மேலே போய் நின்றது. அங்கேயே நின்றது. வண்டி மெதுவாகி, பெரியவருக்கு வேண்டிய இடம் விட்டு நின்றது.

“இது நானா, நீங்களா?” என்றாள் பல் டாக்டர்.

“நீங்கதான். கண்ணாடியப் பாருங்க.”

மறுநாள் டாக்டர் தோற்றாள். பின்னால் எடுக்கும்போது ஒரு கம்பத்தைச் சாய்த்துவிட்டாளாம். முதலாளி தாளை மேலும் கீழும் பார்த்தார். பிரேக் பகுதியில் ஒரு குறையும் இல்லை.

“இது என் கால் இல்ல சார். அவங்க கழுத்து. திரும்பிப் பாக்கவே மாட்டேங்கிறாங்க.”

முதலாளி கார் சாவியை அவள் பக்கம் தள்ளினார்.

மூன்றாவது மாடிக்கு இன்னும் போய்வருகிறாள். தம்பி காரில் இதுவரை ஏறவில்லை. அங்கே அவள் பக்கம் பிரேக் கிடையாது. அடுத்த வாரம் அதைத்தான் பேசப் போகிறாளாம்.