நூர்ஜஹானின் கை சுத்தமாகத்தான் இருந்தது

நூர்ஜஹான் போய்விட்டாள். காலையில் அவள் அண்ணன் போன் செய்து, "தங்கச்சி மவுத்தாயிட்டாம்மா" என்றார். மாரடைப்பு... நாற்பத்தாறெல்லாம் ஒரு வயதா?

தஞ்சாவூரில் ஒரே லேபில் பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. நான் ஆராய்ச்சியாளர், அவள் டெக்னீஷியன். பாக்டீரியா தன் ஆர்.என்.ஏ.வை எப்படி வெட்டிப் போடுகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு.

ஆர்.என்.ஏ. என்பது செல்லுக்குள் போகும் கட்டளைச் சீட்டு மாதிரி. வேலை முடிந்ததும் சில என்சைம்கள் அதை வெட்டி அழித்துவிடும். அந்த மாதிரி என்சைம் நம் வியர்வையிலும் எச்சிலிலும்கூட உண்டு. அதனால் நூர் மேசையில் இருந்தால் யாரும் வாய் திறக்கக் கூடாது.

ஒருமுறை எங்கள் துறைத்தலைவர் கிளவுஸ் போடாமல் அவள் ட்யூபைத் தொடப் போனார்.

"சார், கைய எடுங்க. பேசணும்னா வராண்டாவுக்குப் போங்க."

மனிதர் அதை மறக்கவே இல்லை.

வலங்கைமானில் அவள் அண்ணன் வயல் சேற்றிலிருந்து எடுத்த பாக்டீரியா ஒன்று. அதன் ஆர்.என்.ஏ. ஒரே இடத்தில் வெட்டுப்பட்டு, துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் இரண்டு துண்டாக நின்றது. நூர் குதித்தாள். சார் எல்லோர் முன்னாலும், "உங்க கை சுத்தமில்லம்மா. அதான் இப்படி வெட்டுப்பட்டிருக்கு" என்றார்.

அன்று அவள் சாப்பிடவில்லை. அழவும் இல்லை...

எட்டு மாதம். அந்த இடத்தில் வெட்டுவது எது என்று அவள் சந்தேகப்பட்டாளோ, அந்த என்சைமே இல்லாதபடி அதே பாக்டீரியாவை உருவாக்கினாள். ஒரே நாள், ஒரே மேசை, அதே கை. இரண்டின் ஆர்.என்.ஏ.வையும் ஒரே ஜெல்லில் அருகருகே ஓட்டினாள். என்சைம் இருந்ததில் வெட்டு. இல்லாததில் ஆர்.என்.ஏ. முழுசாக நின்றது.

"இப்ப சொல்லுங்க சார். என் கை ஒரு ட்யூபுக்கு மட்டும் அழுக்காயிடுச்சா?"

அடுத்து, சார் அதை வைத்தே ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வந்தார். அதில் அவள் பெயர் கடைசியில், நன்றி சொல்லும் வரியில்! டெக்னீஷியனாம். மூன்று மாதமாக அதற்குத்தான் எனக்கும் சாருக்கும் சண்டை; கட்டுரையில் நானும் ஓர் ஆசிரியர், என் கையெழுத்து இல்லாமல் அது பத்திரிகைக்குப் போகாது.

இன்று அவள் வீட்டு வாசலில் நிற்கிறேன்... சார் போனில் கூப்பிடுகிறார். "பாவம்மா அவங்க. பேரு நன்றியிலயே இருக்கட்டும். நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க, பிரச்சன முடிஞ்சிடும்."

முடியாது சார். நீங்கள் படிப்பீர்கள் என்று தெரிந்தேதான் இங்கே எல்லோரும் பார்க்க எழுதுகிறேன். இறந்தவர் பெயர் கட்டுரையில் வருவது ஒன்றும் புதிதில்லை. முதல் பெயர் நூர்ஜஹான். அது இல்லாமல் என் கையெழுத்து கிடையாது.

இன்று மாலை அஸர் தொழுகை முடிந்து அடக்கம். தெரிந்தவர்கள் வலங்கைமானுக்கு வாருங்கள்.

போய்ட்டு வாடி நூர். சண்டைய நான் பாத்துக்குறேன்.