மாமாவை டிஸ்மிஸ் செய்த அப்பா

அப்பாவுக்குக் கனமான சொற்கள் மீது தனி மோகம். வெள்ளக்கடைப் பக்கத்தில் ஒரு காபி எஸ்டேட்டில் அவர் ரைட்டர். ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர். எஸ்டேட் வாட்ஸப் குழுவில், வேலைக்கு வராதவரை ‘வரவில்லை’ என்று எழுத மாட்டார். ‘தலைமறைவு’ என்றுதான் எழுதுவார். காய்ச்சலில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தவர்கள் எல்லாம் தலைமறைவானார்கள். வீட்டில் நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அதே எஸ்டேட்டில் ஜீப் டிரைவர். மழையில் ஒருநாள் கொண்டை ஊசி வளைவில் ஜீப் சுவரில் மோதிவிட்டது. மாமாவுக்குக் கீறல்கூட இல்லை. விசாரணை முடியும்வரை அவரை சஸ்பெண்டில் வைக்கும்படி மேனேஜர் போனில் சொன்னார். அப்பாவுக்கு அது சப்பென்று இருந்திருக்கும். ‘விபத்துக் குற்றத்துக்காக டிரைவர் இன்று முதல் டிஸ்மிஸ்’ என்று குழுவில் போட்டுவிட்டார்.

எங்கள் பக்கம் வேலை போனால் எஸ்டேட் கொடுத்த வீடும் போய்விடும். காலி செய்யச் சொல்லும்வரை காத்திருப்பது மானக்கேடு. தானாகவே சாவியை ரைட்டரிடம் கொடுத்துவிட வேண்டும். மாமா ரோஷக்காரர். மதியம் அப்பா சாப்பிட உட்காரும்போது வாசலில் வந்து நின்றார். பின்னால் நிறைமாத வயிற்றோடு அத்தை. குட்டியானை வண்டியில் கட்டில், அடுப்பு, பாத்திரங்கள்.

“இந்தாங்க மச்சான், சாவி. ஊட்டக் கழுவி உட்டுட்டோமுங்க.”

அப்பாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. மேனேஜரைப் போனில் கூப்பிட்டார், எழுதியது தன் தப்புதான் என்று மன்றாடினார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் பதில் கேட்டது.

“டிஸ்மிஸ் பண்ணுனா நாங்க காரணம் காட்டோணும். அவனே சாவி குடுத்துட்டான்னா, அவனா வேலைய உட்டு நின்னுக்கிட்டதுதான். வேற டிரைவரப் பாருங்க.”

யாரும் கை வைக்காமலே அப்பா அப்படி அடிபட்டு நிற்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமா வெளியே போய், சாமான்களை எங்கள் வீட்டிலேயே இறக்கக் கட்டிலின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

சஸ்பெண்டுக்கும் டிஸ்மிஸுக்கும் என்ன வித்தியாசம் என்று அப்பாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

“ஒண்ணுல ஊடு மிஞ்சும், கண்ணு,” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. எங்களுக்குத்தான் வீடு இருக்கிறதே. அத்தையின் பாப்பா இனி இங்கேயே பிறக்கும், இங்கேயே இருக்கும் என்ற குஷியில், என் பொம்மைகளை மூலையில் ஒதுக்கிக் கட்டிலுக்கு இடம் செய்துகொண்டிருந்தேன்.