நடுவே விழுந்த பந்து

வாலிபால் என்கிற கரப்பந்தைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. எங்கள் குடும்பம் அவருக்குக் கடமைப்பட்டது.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் அப்பாவும் சித்தப்பாவும் அடுத்தடுத்த காம்பராவில், ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருந்தார்கள். சித்தப்பா வீட்டுக் கோழி அப்பாவின் போஞ்சிப் பாத்தியைக் கிளறப்போய், அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. கோழியைக் குழம்பு வைத்துச் சாப்பிட்ட பிறகும் பேச்சு திரும்பவில்லை. எதைச் சொல்வதானாலும் நடுவில் ஓர் ஆள் வேண்டும், பெரும்பாலும் நான்தான். "அந்த வீட்டுக்காரர்கிட்ட கோடாலியக் கேளு" என்று அப்பா சொல்வதைக் காதால் கேட்டுக்கொண்டே, நான் போய்ச் சொல்லும்வரை சித்தப்பா காத்திருப்பார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். சித்தி மகளோடு விளையாடக் கூடாது என்றதுதான் தாங்கவில்லை.

அந்தப் பொங்கலுக்கு, தோட்டத்துத் துரை கொடுத்த பந்தில், எங்கள் மேற்கணக்குப் பிரிவுக்கும் கீழ்க்கணக்குப் பிரிவுக்கும் கரப்பந்துப் போட்டி. எங்கள் அணிக்குத் தலைவரான கங்காணி, அப்பாவையும் சித்தப்பாவையும் பின்வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டார்.

முதல் பந்து இருவருக்கும் நடுவே வந்தது. அப்பா அசையாமல், "கங்காணி, இத அவர எடுக்கச் சொல்லுங்க" என்றார். கங்காணி திரும்பி வாயைத் திறப்பதற்குள் பந்து தரையில். அடுத்த பந்துக்குச் சித்தப்பாவும் அதையே செய்தார். கீழ்க்கணக்குக்காரர்கள் விவரமானவர்கள், பிறகு எல்லாப் பந்தும் அந்த இடைவெளிக்கே வந்தது. சனம் சிரித்தது. எனக்கு அழுகை முட்டியது.

"பேசி ஆடுங்க, இல்லாட்டி வெளிய போங்க!" என்று கங்காணி கத்தினார். வெளியே போக இருவருக்கும் மனசில்லை. அடுத்த பந்து உயரே வந்தபோது அப்பா, "தம்பி, விடு, எனக்கு!" என்றார். சித்தப்பா விலகினார். அப்பா தூக்கிக் கொடுத்த பந்தைச் சித்தப்பா ஓடிவந்து அடித்தார். எதிர்ப்பக்கம் ஒருவரும் தொடவில்லை. "அண்ணே, இன்னொண்ணு!" என்றார். தனியாக ஆடும் ஆட்டமாக இருந்திருந்தால் இருவரும் வாய் திறக்காமலே காலத்தை ஓட்டியிருப்பார்கள்.

ஆனாலும் தோற்றோம். கடைசிப் பந்துக்கு இருவருமே "எனக்கு!" என்று பாய்ந்து, மோதி விழுந்தார்கள்.

"எனக்குன்னு கத்துனது ஒனக்குக் கேக்கலையா?"

"நீங்க எங்கண்ணே கத்துனீங்க, நான்ல கத்துனேன்!"

வீடு வரும் வழியெல்லாம் இதே சண்டை. போச்சு, இனி சித்தி வீட்டுப் பக்கம் தலைவைக்கவே முடியாது என்று விசும்பினேன். அம்மாவும் சித்தியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்தார்கள். விலக்கிவிடச் சொல்லி அம்மாவின் கையை இழுத்தேன்.

"சும்மா இரு புள்ள, நல்லா போடட்டும்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

சண்டையைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற தாய் எனக்கு வாய்த்தாளே என்று அன்றைக்கு அவள் மேல் எனக்கு ஒரே கோபம்.