குழிக்கு இரண்டடி

என் கை செய்த தவறை இன்னொருத்தியின் கை மேல் போட்டேன். ஒரே வாக்கியத்தில், இங்கிலீஷில், அவளுக்குப் புரியாது என்ற தைரியத்தில் அதைச் செய்தேன். குழிக்குப் பக்கத்தில் வந்த பந்தை நான் தவறவிடுவதே இல்லை என்று பிற்காலத்தில் பலர் என்னைப் புகழ்ந்திருக்கிறார்கள். அந்தத் திறமை எப்படி வந்தது என்று இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த காலம். கொல்லிமலையில், தேவனூர் நாட்டில், ஒரு காப்பித் தோட்டத்தில் நான் கம்பவுண்டர். சேலத்தில் இன்டர்மீடியட் முடித்துவிட்டு, காய்ச்சல்காரர்களுக்குக் கொய்னா மருந்து கொடுக்கும் வேலைக்காக முள்ளுக்குறிச்சியிலிருந்து நடந்தே மலையேறியவன். தோட்டத்துத் துரைக்குக் கோல்ஃப் பைத்தியம். சரிவில் ஆறு குழி வெட்டி வைத்திருந்தார். கூட ஆட ஆள் இல்லை. இங்கிலீஷ் தெரிந்தவன் என்பதற்காக என் கையில் மட்டையைக் கொடுத்தார். தூரத்துக்கு அடிப்பதில் நான் மோசமில்லை. பந்து குழிக்கு இரண்டடியில் வந்து நின்றால்தான் எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

குழியைச் சுற்றித் தரை வழவழவென்று இருக்க வேண்டும். சீமையில் அதற்கென்று புல் வளர்ப்பார்களாம். எங்கள் சரிவில் அந்தப் புல் பிடிக்கவில்லை. மண்ணைக் கொட்டி, திமிசுக் கட்டையால் இடித்து, சாணம் மெழுகி, சலித்த மணலைத் தூவியபோது பந்து அழகாக உருண்டது. சாமை அடிக்கும் களமும் அப்படித்தான் இருக்கும் என்பதால் மலைக்காரர்கள் அதையும் களம் என்றே சொன்னார்கள்.

ஆறு களங்களையும் மெழுகியவள் பக்கத்து ஊர்க்காரி. என்னைவிட இரண்டு வயது சின்னவள். சொந்தக் காட்டில் சாமையும் மிளகும் இருந்தன. இருந்தும் துரை அவளைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைத்ததற்குக் காரணம், அவள் கைக்கு ஊரில் இருந்த பெயர். தையில் சாமை அறுத்ததும் முதல் கதிர்களை அவர்கள் கோயில் களத்தில் அடிப்பார்கள். அந்தக் களத்தை ஊரில் ஒரே ஒரு கைதான் மெழுகும். அது அவளுடைய கை. அந்தக் கை கோணல் என்று பேச்சு வந்துவிட்டால் அதோடு சரி, வேறு கை வந்துவிடும்.

ஒரு மார்கழியில் சேலத்திலிருந்து நான்கு வெள்ளைக்காரர்கள் எங்களோடு பந்தயம் ஆட வந்தார்கள். கடைசிக் களத்தில் வெற்றி தோல்வி என் பந்தில் வந்து நின்றது. இரண்டடி. தட்டினேன். பந்து குழியின் இடது விளிம்பைத் தொட்டுவிட்டு வெளியே போய்விட்டது.

துரையின் முகம் சிவந்தது. "என்ன ஆயிற்று?" என்றார். களத்தின் ஓரத்தில் துடைப்பத்தோடு அவள் நின்றிருந்தாள். நான் விரலை நீட்டி, "கோணலாக மெழுகியிருக்கிறாள்" என்றேன்.

வார்த்தை புரியாவிட்டாலும் விரல் புரிந்திருக்கும். அன்றைக்கே துரை அவளை நிறுத்திவிட்டார். நிறுத்திய காரணம் தோட்டத்து ஆட்கள் வாய்வழியாக அன்றே அவள் ஊர் போய்ச் சேர்ந்தது. அந்தத் தையில் கோயில் களத்தை வேறொரு பெண் மெழுகினாள். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். வழக்கமாக மெழுகுகிறவள் கூட்டத்துக்குப் பின்னால் தனியாக நின்றிருந்தாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஆடிக் காற்றில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மருந்துக்கு வந்தாள். நான் கொய்னாவை ஊற்றும்போது, "ஏனுங்க கம்பவுண்டரே, பாத்து ஊத்துங்க. கோணக் கைக்காரிதானேன்னு கோணலா ஊத்திப்புடாதீங்க" என்றாள். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் குளிர் நடுக்கத்தோடு சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மருந்தைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

முதலில் துரையிடம் சொன்னேன். "இப்போது எதற்கு இதெல்லாம்? நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்" என்று சிரித்தார். அவருக்கு அது ஒரு ஆட்டம், அவ்வளவுதான். அடுத்து அவளுடைய ஊர்க்கூட்டத்துக்குப் போனேன். ஊர்க்கவுண்டர் நடுவில் உட்கார்ந்திருந்தார், அவளும் ஓரத்தில் இருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். களம் நேராகத்தான் இருந்தது, கோணல் என் கையில் இருந்தது, பொய் சொன்னேன் என்றேன்.

ஊர்க்கவுண்டர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "அன்னிக்கிக் கோணல்னீங்க. இன்னிக்கி நேருங்கறீங்க. நாங்க எந்த வாயைங்க நம்பறது?"

அவரே தொடர்ந்தார்.

"மார்கழியில இந்தப் புள்ள அதே எடத்தப் புதுசா மெழுவட்டும். நீங்க அந்தக் குண்ட உருட்டுங்க. எட்டுத் திக்குல இருந்தும் உருட்டோணும். எட்டும் உளுந்தா இவ கை நேரு. ஒண்ணு வெளிய போனாலும் பேச்சு முடிஞ்சுது. செரிங்களா?"

"என் கைதானுங்களே கோணல்? நான் தவறவிட்டா அவங்க என்ன பண்ணுவாங்க?"

"அப்ப உங்க கையச் சரி பண்ணிக்கிட்டு வாங்க சாமி. இன்னும் அஞ்சு மாசம் கெடக்குது" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் எழுந்து, "எனக்குச் சம்மதமுங்க" என்றாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மருந்தகத்தின் மண் தரையில் காலி மருந்து டப்பா ஒன்றைப் புதைத்தேன். காலையில் நூறு, மாலையில் நூறு என்று உருட்டினேன். முதலில் ஒரு சாண் தூரம், அது பழகியதும் ஓரடி, பிறகு இரண்டடி. மட்டையை நீளமாகப் பின்னால் இழுத்தால் பாதி வழியில் பயந்து கை வேகத்தைக் குறைக்கிறது என்று கண்டுகொண்டேன். கொஞ்சமாக இழுத்து, தயங்காமல் முன்னால் தள்ளப் பழகினேன். டப்பாவின் வாயைப் பார்க்காமல் அதன் பின்சுவரைக் குறி வைத்தேன். மருந்துக்குக் காத்திருந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. "அது உளுகறதுக்குள்ள எங்க உசுரு போயிருமுங்க" என்பார் ஒருவர். அத்தனைக்குப் பிறகும் பத்துக்கு ஆறு, மிஞ்சினால் ஏழு.

ஐப்பசி மழையில் ஒரு நாள் நனைந்தபடி அவள் வந்து வாசலில் நின்றாள். காய்ச்சல் இல்லை.

"எத்தன உளுகுது?"

"பத்துக்கு ஆறு."

"அப்ப நாலு தரம் என்னைய ஊருக்கு முன்னால தலைகுனிய வெச்சுட்டீங்க." உள்ளே வந்து சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "அடிங்க, பாக்கறேன்."

அடித்தேன். இடது பக்கமாகப் போனது. இன்னொன்று அடித்தேன். அதுவும் அப்படியே.

"குண்டு போறதுக்கு முன்னாடி நீங்க போயிடறீங்க" என்றாள்.

"என்னது?"

"தல தூக்கறீங்க. அன்னிக்கும் தூக்குனீங்க, தொடப்பத்த வெச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டுத்தான நின்னேன். தல தூக்குனா தோளு திரும்புது. தோளு திரும்புனா குண்டு நேராப் போவுமா? மெழுவறப்ப நான் அடுத்த எடத்தப் பாத்தேன்னா இந்த எடத்துல வரி உளுந்துரும்."

"பாக்காம இருந்தா உள்ள போச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"காது எதுக்குங்க இருக்குது?"

அடுத்த பந்தை அடித்துவிட்டு, அது இருந்த இடத்திலேயே கண்ணை நிறுத்தினேன். ஓடிப் பார்க்கும் ஆசை கழுத்தைப் பிடித்து இழுத்தது. பொறுத்தேன். டப்பாவுக்குள் டக்கென்று சத்தம் கேட்டது. மறுபடி அடித்தேன். மறுபடி டக். பதினொன்று தொடர்ந்து விழுந்தன. பன்னிரண்டாவதில் ஆசைப்பட்டுத் தலையைத் தூக்கினேன், போய்விட்டது. அவள் எழுந்து முந்தானையைப் பிழிந்துகொண்டாள். "இதச் சொல்லிக் குடுக்கோணும்னு வரல. என் கை உங்க கையில மாட்டிக்கிட்டுக் கெடக்குது, அதுக்குத்தான் வந்தேன். வாரேனுங்க."

மார்கழியில் மழை விட்டதும் அவள் கடைசிக் களத்தை மெழுகினாள். இரண்டு நாள் காய்ந்தது. மூன்றாம் நாள் காலை ஊரே சரிவில் ஏறி வந்துவிட்டது. துரையும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஊர்க்கவுண்டர் தன் கைத்தடியால் குழியிலிருந்து இரண்டடி அளந்து, எட்டுத் திக்கிலும் எட்டுக் கூழாங்கற்களை வைத்தார். செருப்போடு களத்தை மிதிக்க அவர் விடவில்லை. வெறுங்காலில் நின்றபோது பனியில் நனைந்த மணல் சில்லென்று இருந்தது.

முதல் மூன்றும் விழுந்தன. நான்காவதும் விழுந்தது. ஐந்தாவது விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு விழுந்ததாம். நான் பார்க்கவில்லை, எல்லாரும் மூச்சை இழுத்த சத்தம் மட்டும் கேட்டது. ஏழு முடிந்தது.

எட்டாவது கல், போன வருஷம் நான் தவறவிட்ட அதே பக்கம். உள்ளங்கை வேர்த்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டேன். தவறினால் அவளுக்கு இனி ஊரில் பெயர் இல்லை. எனக்கு ஒன்றும் ஆகாது, மறுநாளும் கொய்னா ஊற்றுவேன். பந்தைப் பார்த்தேன். பந்தில் ஒட்டியிருந்த ஒரு மணலைப் பார்த்தேன். கொஞ்சமாக இழுத்து, தள்ளினேன். பந்து போய்விட்டது, அது இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம். அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு குனிந்து நின்றேன்.

டக்.

பெண்கள் போட்ட குலவை எதிர்ச் சரிவில் மோதித் திரும்பியது. துரை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து தொப்பியைக் காற்றில் வீசினார். நான் நிமிர்ந்தபோது ஊர்க்கவுண்டர் அவளிடம், "கை நேருதான் கண்ணு. தையில வந்து மெழுவு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு துடைப்பத்தை எடுத்து, என் காலடித் தடங்களை ஒவ்வொன்றாகக் கூட்டினாள்.

துரை அவளை மறுபடியும் வேலைக்குக் கூப்பிட்டார். வந்தாள். அந்த மார்கழிக் கடைசியில் சேலத்துக்காரர்கள் திரும்ப வந்தபோது நாங்கள் அவர்களைத் தோற்கடித்தோம். இரண்டடியிலிருந்து நான் ஒன்றுகூடத் தவறவிடவில்லை. அன்று துரை என் முதுகில் தட்டிய அடி இரண்டு நாள் வலித்தது.

தையில் கோயில் களத்தை அவள் மெழுகினாள். நான் வெளியே நின்று பார்த்தேன். எல்லாம் முடிந்து அவள் கை கழுவ வந்தபோது, மன்னித்துக்கொள் என்று கேட்டேன்.

"போன வருசத்துக் களம் போனது போனதுதானுங்க. அத நீங்களும் மெழுவ முடியாது, நானும் மெழுவ முடியாது" என்றாள். நான் தலை குனிந்தேன். "இந்த வருசத்துக்கு ஆளு பத்தலீங்க. சும்மா நின்னுக்கிட்டு இருக்காம வந்து கதிரு தூக்குங்க."

உள்ளே போனேன். சாமைக் கட்டு தூக்கி எனக்குப் பழக்கமில்லை. இரண்டாவது கட்டிலேயே இடுப்புப் பிடித்துக்கொண்டு அப்படியே வளைந்து நின்றுவிட்டேன். "கம்பவுண்டருக்கு யாராச்சும் மருந்து ஊத்துங்கப்பா" என்று ஒருவர் கத்த, களமே சிரித்தது. அவளும் சிரித்தாள்.