பில்நாம் வீட்டுக்காரரோடு பூ பார்க்க வந்தது

என் நாத்தனார் பில்நாம் போனில் "பூ பாக்க வர்றோம் அண்ணி" என்றபோதே, அவள் பூவுக்காக வரவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உல்சானில் அவள் வீட்டு வாசலிலேயே செர்ரி மரம் நிற்கிறது. முட்டி தேய்ந்த எழுபது வயதுக்காரி அதை விட்டுவிட்டு பஸ் ஏறி கியோங்ஜுவுக்கு எதற்கு வர வேண்டும்? அவள் சொன்ன தேதியைப் பார்த்தேன். முன்னோர் சமாதிக்குப் போகிற ஹன்சிக் பண்டிகைக்கு முந்தின நாள் வந்து, ஹன்சிக் அன்று மாலை திரும்புகிறாள்.

ஹன்சிக் அன்று நாங்கள் மலைக்குப் போவோம். பனியில் சரிந்துபோன மண்மேட்டுக்குப் புதுப் புல் பதித்து, அதற்குள் உறங்குகிற பெரியவர்களுக்கு ஒரு கிண்ணம் மது ஊற்றிக் கும்பிட்டு, கொண்டுபோனதை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு வருவோம். பில்நாமும் பல வருஷம் வந்திருக்கிறாள், தனியாக. இந்தத் தடவை "வர்றோம்" என்றாள். பூ உதிர்ந்ததும் அவளுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை.

"அதுக்கப்புறம் மலையேற முடியுமோ என்னவோ அண்ணி. அவர் கையால அப்பா அம்மாவுக்கு ஒரு கிண்ணம் ஊத்தி நான் பாத்துட்டாப் போதும்," என்றாள்.

அவர் என்றால் அவள் புருஷன் வோன்-ஹா. கல்யாணமாகி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாமனார் மாமியாரின் மண்மேட்டை அந்த மனுஷன் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்க விடாதவர் என் வீட்டுக்காரர், பில்நாமின் அண்ணன் இன்-சோக்.

பில்நாமைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் பேரிலிருந்து தொடங்க வேண்டும். போதும்பொண்ணு என்று வைப்பார்களே, அந்த மாதிரிப் பேர்தான் அது. அடுத்தது கட்டாயம் ஆண் என்று அர்த்தம். அடுத்தது பிறக்கவே இல்லை. என் மாமனார் அதையும் அவள் கணக்கிலேயே எழுதிவிட்டார். அவள் அதற்காக முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. "என்னைக் கூப்பிடும்போதெல்லாம் எங்கப்பா வேற யாரையோ கூப்பிடறார்," என்று சொல்லிச் சிரிப்பாள்.

நான் யோங்சோனிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். இன்றைக்கும் அந்த வீட்டில் எனக்கு யோங்சோன்காரி என்றுதான் பேர். மூத்த மருமகள் என்றால் வருஷம் முழுக்க முன்னோர் படையல் சமைத்தே கை வெந்துபோகும். எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடுப்படியில் குந்தி, ஆறின சோற்றைச் சாப்பிடுவது மருமகள் வழக்கம். பில்நாம் வீட்டுப் பெண். உள்ளே பெரிய மேசையில் அவளுக்கு இடம் உண்டு. அவள் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு, தன் பங்கு மீனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து என்னோடு குந்திக்கொள்வாள். அவள் வயிறு சரியில்லாத பெண் என்று ஊரில் ஒரு பேச்சே உண்டாகி, ஒரு சம்பந்தம் அதனால் தட்டியும் போனது. எனக்கு முதல் குழந்தை பெண்ணாகப் பிறந்தபோது மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பிள்ளை பெற்றவளுக்குக் கடல்பாசி சூப் வைக்கக்கூட அந்த வீட்டில் ஆள் இல்லை. பில்நாம் வைத்தாள். உப்பு கூடிவிட்டது. அந்த மாதிரி ருசியாக நான் பிறகு எதையும் சாப்பிடவில்லை.

பிறகு அவள் உல்சானில் ஒரு தொழிற்சாலைச் சமையற்கட்டில் வேலைக்குப் போனாள். அங்கே கப்பல் கட்டுகிற இடத்தில் இரும்பு அடிக்கிற வோன்-ஹாவைப் பார்த்தாள். நல்ல உயரம், குறைந்த பேச்சு, சுத்தியல் சத்தத்தில் ஒரு காது மந்தம். எல்லாம் பொருந்தியது. ஒன்றே ஒன்றுதான் பொருந்தவில்லை. குலப்பேர் அவருக்கும் கிம், இவளுக்கும் கிம்; இரண்டு பேருக்கும் பூர்வீகம் இதே கியோங்ஜு. ஒரே குலம். பங்காளிக்குள் பெண் எடுப்பதும் கொடுப்பதும் எங்களில் கிடையாது. அந்தக் காலத்தில் சட்டமும் விடாது. ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தின ராஜா ஒருத்தருக்கு இரண்டு பேரும் பேரப்பிள்ளைகள் என்றால் அண்ணன் தங்கைதான்.

மாமனார் அவள் பேரை வீட்டில் உச்சரிக்கக்கூடாது என்றார். பதிவு அலுவலகத்தில் கல்யாணத்தை எழுத மறுத்துவிட்டார்கள். பிறந்த பையன் தகப்பன் இல்லாத பிள்ளையாகப் பதிவானான். எண்பத்தெட்டில் அரசாங்கம் ஒரு வருஷம் மட்டும் கண்ணைத் திறந்து, இப்படிப்பட்ட ஜோடிகள் வந்து எழுதிக்கொள்ளலாம் என்றது. அவர்கள் பையனையும் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்று எழுதிவிட்டு வந்தார்கள். அதற்குள் மாமனார் போய்விட்டார். பிறகு மாமியார் செத்தபோது பில்நாம் வந்து மாரடித்து அழுதாள். வோன்-ஹா வாசலுக்கு வெளியே இரண்டு நாள் மழையில் நின்றார். நான் ஒரு கிண்ணம் சூடான சூப் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் வெளியே வரவே இல்லை. "சட்டம் அரசாங்கத்தோடது. முறை நம்மளோடது," என்றார். பின்னாளில் நீதிமன்றமே அந்தத் தடையை எடுத்துவிட்டது. அவர் எடுக்கவில்லை.

இப்போது பூ பார்க்க வருகிறார்கள் என்றதும் அவர் வெகுநேரம் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். ஊரைப் பார்க்கட்டும், சாப்பிடட்டும், செலவு நம்முடையது, மலைக்கு மட்டும் அந்த ஆள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். சரி, பாதி கதவு திறந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பஸ் நிலையத்தில் வோன்-ஹா பூப்போட்ட துணித் தொப்பி போட்டுக்கொண்டு இறங்கினார். பூ பார்க்கப் போகிறோம் என்று பில்நாம் வாங்கிக் கொடுத்ததாம். முதலில் முளைப்பயறு சூப் கடைக்குப் போனோம். குடித்தவர்கள் காலையில் தலை தெளிவதற்குச் சாப்பிடுவது அது. குடிக்காத நாங்கள் மூன்று பேரும் நன்றாகவே சாப்பிட்டோம். பிறகு ராஜா சமாதிகளின் பக்கம் மெல்ல நடந்தோம். மேடுகள் எல்லாம் அப்போதுதான் பச்சை பிடித்துக்கொண்டிருந்தன. மதிலோரம் செர்ரி வெள்ளையாகக் கொட்டியிருந்தது. வாடகைப் பட்டுடுப்பில் பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பில்நாம் ஒரு மேட்டைக் காட்டி, சின்ன வயதில் வைக்கோல் சாக்கில் உட்கார்ந்து அதன் உச்சியிலிருந்து சறுக்கினதைச் சொன்னாள். அண்ணன்தான் பின்னாலிருந்து தள்ளிவிடுவாராம்.

"உங்க குலத்து ராஜா தலையில உக்காந்தா சறுக்கினே?" என்று வோன்-ஹா கேட்டார்.

"அவர் ஒண்ணும் சொல்லல. நீங்களும் அவர் பேரன்தானே, உங்களுக்கு மட்டும் ஏன் வலிக்குது?" என்றாள்.

மதியம் சமாதிகளுக்கு எதிரே இலைச்சோற்றுக் கடையில் உட்கார்ந்தோம். மேசை தெரியாத அளவுக்குச் சின்னச் சின்னக் கிண்ணங்கள். அவர் ஒரு கீரை இலையை விரித்து, சோறும் மீனும் கொஞ்சம் விழுதும் வைத்து மடித்து, முதல் உருண்டையை பில்நாம் வாயில் வைத்தார். அது ஏதோ இன்றைக்கு மட்டும் செய்கிற வேலை மாதிரி இல்லை. அவளும் பேச்சை நிறுத்தாமலே வாயைத் திறந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் அடுப்படியில் குந்திச் சாப்பிட்டவளுக்கு ஊட்டிவிட ஓர் ஆள் கிடைத்திருக்கிறார், இத்தனை வருஷமும் கிடைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். சாமிக்கு நன்றி சொன்னேன்.

சாப்பிட்டு முடித்து அவருடைய ஊரை விசாரித்தேன். அதுவரை குலம் கிளை கேட்க எங்கே நேரம் இருந்தது? யோங்சோனுக்கு அடுத்த பள்ளத்தாக்கு என்றார். பாட்டனார் பேரைச் சொன்னார். என் பிறந்த வீட்டுக்குப் பக்கத்துத் தண்ணீர்மடை அவர்களுடையதுதான். எங்கள் வழக்கத்தில் ஒரே தலைமுறை ஆண்கள் எல்லோர் பேரிலும் ஓர் எழுத்து பொதுவாக வரும். பேரைக் கேட்டாலே யார் யாருக்கு என்ன முறை என்று தெரிந்துவிடும். இன் என்று தொடங்கும் என் வீட்டுக்காரர் தலைமுறையிலிருந்து விரலை மடித்து மேலே போனேன். வோன் இரண்டு படி மேலே வந்தது.

"நீங்க எங்க வீட்டுக்காரருக்குத் தாத்தா முறையில்ல ஆகுது?" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "தெரியும்கா. வெளிய சொன்னதில்ல. வயசுல சின்னவன், பொண்ணைத் தூக்கிட்டுப் போனவன், இதுல தாத்தான்னு வேற போய் நின்னா எப்படியிருக்கும்?"

"தாத்தாவைக் கட்டிக்கிட்டு வந்திருக்கேனா நான்," என்றாள் பில்நாம். "அதான் கல்யாணமான புதுசுலயே இவருக்குப் பல்லு ஆடிச்சு."

சாயங்காலம் அவர்களை விடுதியில் விட்டுவிட்டு, சிவப்புப் பயறு பூரணம் வைத்த ரொட்டி ஒரு டப்பா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் மறுநாளைக்குப் புல் வெட்டுகிற கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். வோன்-ஹா மலைக்கு வரட்டும் என்றேன். பங்காளி மாப்பிள்ளையாக முடியாது என்று அதே பழைய பேச்சைப் பேசினார்.

"சரி, மாப்பிள்ளை வேணாம். பங்காளியாவே வரட்டும்," என்றேன். "ஆனா பங்காளின்னா அவர் உங்களுக்குத் தாத்தா. நாளைக்கு மலையில அவர்தான் முன்னால நிப்பார். அவர் ஊத்தினப்புறம் நீங்க ஊத்தணும். அதுக்கு முன்னாடி அவர் கால்ல விழுந்து எந்திரிக்கணும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

கத்தி நின்றுவிட்டது. அவர் திடுக்கிடுவார் என்று எதிர்பார்த்தேன். திடுக்கிடவில்லை.

"எனக்கு அது தெரியாதுன்னா நினைச்சே?" என்றார். "முதல் நாள் அவன் பேரைக் கேட்டப்பவே தெரியும். அம்மா செத்தப்ப மழையில நின்னாரே, அன்னிக்கு வாசலுக்கு ஏன் வரலேன்னு நினைக்கிறே? எதிர்ல போனா நான் குனியணும். என் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போனவருக்கு எப்படிக் குனியறது? குனியாம நின்னா முறை தப்பினவன் நான்தான். அதான் எதிர்லயே போகல." அவன் என்று தொடங்கியவர் நடுவிலேயே அவர் ஆக்கிவிட்டதை அவரே கவனிக்கவில்லை. ஒரு ரொட்டியை எடுத்துச் சாப்பிட்டார். நாளைக்கு என்ன என்று சொல்லவே இல்லை.

இருந்தாலும் நான் காலையில் பில்நாமுக்குப் போன் செய்து, இரண்டு பேரும் மலையடி சீமைப்பனிச்சைத் தோப்புக்கு வந்து நில்லுங்கள் என்று சொல்லிவிட்டேன். அங்கேயிருந்து துரத்தினால் துரத்தட்டும், ரொட்டியாவது கொடுத்து அனுப்பலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் மண்வேலைக்குப் போகிறவர் போல வரவில்லை. படையலுக்கு உடுத்துகிற வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு, புல்லுக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தோப்பில் அவர்களைப் பார்த்ததும் கூடையை இறக்கினார். பில்நாம் தன் தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உக்காருங்க," என்றார் வோன்-ஹாவைப் பார்த்து.

வோன்-ஹா புரிந்துகொண்டார். வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டிப் பின்னால் நகர்ந்தார்.

"உக்காருங்கன்னா உக்காருங்க. எனக்கும் முட்டி வலி இருக்கு, நின்னுக்கிட்டே இருக்க முடியாது."

பனி ஈரத்தில் வோன்-ஹா உட்கார்ந்தார். எழுபத்தாறு வயது என் வீட்டுக்காரர் எதிரே நின்று, கை கூப்பி, மண்டியிட்டு, நெற்றி கைமேல் படும்படி ஒரு முறை முழுசாக வணங்கினார். பேரன் தாத்தாவுக்குச் செய்கிற வணக்கம். வோன்-ஹா தலையைத் தரையோடு தாழ்த்திக்கொண்டார். யார் யாரை வணங்குகிறார் என்றே தெரியவில்லை. எழுந்திருக்கும்போது என் வீட்டுக்காரருக்கு ஒரு கை தேவைப்பட்டது. வோன்-ஹாதான் பிடித்துத் தூக்கினார்.

முட்டியில் ஒட்டின புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு அவர் சொன்னார்: "மழையில நின்னதுக்கும் சேத்து. பங்காளிக் கடன் இதோட தீந்துச்சு." பிறகு கூடையைக் காட்டினார். "மாப்பிள்ள, அதைத் தூக்கிட்டு முன்னால போங்க. பாதை வழுக்கும், பாத்து."

பில்நாமை நான் ஒரு பக்கம் தாங்கிக்கொண்டேன், தடி ஒரு பக்கம் தாங்கியது. ஏறினோம்.

மேலே மண்மேட்டுக்கு முன்னால் என் வீட்டுக்காரர் பாயை விரித்து, "அப்பா, அம்மா, பில்நாம் வீட்டுக்காரர் வந்திருக்கார். தாமதமாயிடுச்சு," என்று மட்டும் சொன்னார். வோன்-ஹா ஊற்றினார். மது கிண்ணத்துக்கு வெளியே சிந்தியது. "ரெண்டு கையாலயும் பிடிங்களேன்," என்று பில்நாம் அதட்டினாள். மண்டியிட முடியாததால் அவள் நின்றபடியே தலை குனிந்தாள். அவர் தன் பங்கு வணக்கத்தை முடித்து, அவள் பங்கையும் சேர்த்து விழுந்து எழுந்தார்.

பிறகு புல் பதிக்கிற வேலை. நாங்கள் இரண்டு பெண்களும் பாயில் உட்கார்ந்து ஆறின வடையையும் அரிசிப் பிட்டையும் பிரித்து வைத்தோம். என் வீட்டுக்காரர் புல்கட்டிகளைக் கீழிருந்து மேலாக அடுக்க வேண்டும் என்றார். வோன்-ஹா, இப்படி வைத்தால் ஆடி மழையில் வழிந்துவிடும், செங்கல் மாதிரி இணைப்பு மாறி மாறி வரும்படி வைக்க வேண்டும் என்றார். கப்பல் கட்டினவருக்கு மண் என்ன தெரியும் என்றார் இவர். மந்தக் காது பக்கம் நின்று சொன்னதால் அவருக்குக் கேட்கவில்லை. தன் போக்கில் அடுக்கிக்கொண்டே போனார். இவர் சுற்றி அந்தப் பக்கம் போய் மறுபடியும் அதையே உரக்கச் சொன்னார்.

"சண்டை போடறாங்க அண்ணி," என்றாள் பில்நாம். பிட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் கடிக்காமல், அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடட்டும்," என்றேன். "நீ சாப்பிடு."