அம்பயர் கார்டுக்கு ஒன்பதாயிரம்

என் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் எங்கள் வீட்டில் பரணைக் காலி செய்யும் வேலை ஆரம்பமானது. ராயபுரத்தில் ஒரே அறையும் ஒரு சமையல் மூலையுமாக இருந்த வீடு. வரப்போகும் அண்ணியின் பாத்திரங்கள் ஏற அந்தப் பரணை விட்டால் வேறு இடம் கிடையாது. அங்கே ஓர் ஓரத்தில் என் பிஸ்கட் டின் இருந்தது. டின்னுக்குள் நூற்றுச் சொச்சம் கிரிக்கெட் கார்டுகள்.

தொண்ணூறுகளில் பபுள்கம்மோடு வந்த கார்டுகள் அவை. கம்மின் இனிப்பு இரண்டு நிமிஷத்தில் போய்விடும், கார்டு மட்டும் நிற்கும். என்னிடம் இருந்ததில் ஒன்று விசேஷமானது. பின்பக்கத்தில் 'வலது கை வேகப்பந்து வீச்சாளர்' என்று போட்டு, எத்தனை விக்கெட், எத்தனை ஓவர் என்றெல்லாம் எழுதியிருக்கும். முன்பக்கம் திருப்பினால் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக, தொப்பை தெரிய ஓர் அம்பயர் நிற்பார். அச்சடித்தவர்கள் படத்தை மாற்றிவிட்டார்கள். தவறு தெரிந்து சீக்கிரமே நிறுத்திவிட்டதால், ஊரில் இதை வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு.

அதை நான் ஜெயித்து வாங்கினேன். தெருவில் பையன்கள் கார்டைத் தரையில் கவிழ்த்து வைத்து உள்ளங்கையால் அறைவார்கள். அறைந்த வேகத்தில் கார்டு புரண்டால் அது அறைந்தவனுக்கு. பெண் பிள்ளை என்று என்னைச் சேர்க்கவே மாட்டார்கள். ஒருநாள் ஆள் குறைந்ததால் போனால் போகிறதென்று சேர்த்தார்கள். ஒரே அறை, அம்பயர் மல்லாந்தார். அன்றிலிருந்து அந்தத் தெருவில் என்னையும் ஓர் ஆளாக மதித்தார்கள். என் உடைகள் அக்காவுடையவை, புத்தகங்கள் அண்ணனுடையவை. எனக்கென்று நானே சம்பாதித்தது அந்த ஒரு கார்டுதான்.

"இத்த பழைய பேப்பர் கடைல போட்டுட்டு வா" என்றாள் அம்மா, டின்னைக் கீழே இறக்கியபடி.

அம்மா காசிமேட்டில் மீன் விற்பவள். அவளுக்கு உலகத்தில் பொருள்கள் இரண்டே வகை: சரக்கு, குப்பை. விலை போனால் சரக்கு, போகாவிட்டால் குப்பை. பிடிக்கும் என்பதற்காக ஒன்றை வைத்திருக்கலாம் என்ற மூன்றாவது வகைக்கு அந்த வீட்டில் இடமும் இல்லை, அதற்கு ஒரு சொல்லும் இல்லை. அதனால் டின்னைக் காப்பாற்ற வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அய்யோ, அது நல்ல விலைக்குப் போகும்மா. இன்டர்நெட்ல விக்கிறாங்க."

அம்மாவின் கை நின்றது. டின் மறுபடி பரண் ஏறியது.

இது நடந்தது இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ. நான் துறைமுகத்துச் சரக்குகளுக்குப் பத்திரம் தயார் செய்யும் ஓர் அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து தண்டையார்பேட்டை பிரவுசிங் சென்டருக்குப் போய், ஏலம் விடும் ஒரு தளத்தில் தேடினேன். அம்பயர் கார்டு ஒன்று அதற்கு முன் நானூறு ரூபாய்க்குப் போயிருந்தது. நான் கார்டை ஸ்கேன் செய்து ஏற்றி, விலை நாலாயிரம் என்று போட்டேன். பைத்தியக்காரன்கூட வாங்க மாட்டான் என்று நிம்மதியாக வீடு திரும்பினேன். மற்றவர்கள் பூட்டுப் போட்டுப் பொருளைக் காப்பாற்றுவார்கள், நான் விலை போட்டுக் காப்பாற்றினேன்.

கல்யாணம் முடிந்து அண்ணி வந்தாள். அவளுடைய இட்லிக் குண்டானுக்கும் என் டின்னுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கேட்டாள்.

"இன்னாடி, போச்சா அது?"

"இல்லம்மா. யாரும் கேக்கல."

"இன்னா வெல போட்டுகீற?"

பொய் சொல்லத் தைரியமில்லாமல் நாலாயிரம் என்றேன். திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தேன். அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"அதான் போவல. வஞ்சிரத்த அம்பது ரூவான்னு வெச்சா எவன் வாங்குவான்? நாறிப்போச்சுன்னு மூக்கப் புட்ச்சிகினு போய்கினே இருப்பான். ஏத்திப் போடு."

அந்த நிமிஷம் அம்மாவைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. மறுநாளே ஆறாயிரம் ஆக்கினேன். அடுத்த மாதம் அவள் கேட்டபோது ஏழரை. சரக்கைப் பற்றி எழுதியிருக்கும் வரிகளையும் படித்துக் காட்டச் சொன்னாள். 'நல்ல நிலையில் உள்ளது' என்று மட்டும்தான் போட்டிருந்தேன்.

"இன்னாடி இது, சப்புன்னு கீது. இன்னிக்கிப் புட்ச்ச மாரி பளபளன்னு கீதுன்னு எழுது."

எழுதினேன். இன்றைக்குப் பிடித்த மீன்போலப் பளபளப்பானது என்று ஆங்கிலத்தில் ஒரு கிரிக்கெட் கார்டை வர்ணித்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கார்டு சேர்ப்பவர்கள் கொதித்துப்போனார்கள். ஒருவர் மூளை இருக்கிறதா என்று கேட்டிருந்தார். இன்னொருவர் சந்தை விலை என்றால் என்ன என்று ஒரு பக்கத்துக்குப் பாடம் எடுத்திருந்தார். எனக்கோ ஒவ்வொரு வசவும் பால் வார்த்த மாதிரி இருந்தது. அம்மாவுக்கும் சந்தோஷம்.

"திட்றானா? அப்ப வாங்கிடுவான். வெலயத் திட்டிட்டுப் போறவன்தான் ஒரு ரவுண்டு சுத்திகினு திரும்பி வருவான்."

அப்படி எவனும் திரும்பி வந்துவிடக் கூடாதே என்று உடனே ஒன்பதாயிரம் ஆக்கினேன்.

நாலாவது நாள் ஒருவர் வாங்கிவிட்டார். ஒரு கேள்வி இல்லை, ஒரு பைசா பேரம் இல்லை. 'முழுத் தொகையும் ரொக்கமாகத் தருகிறேன், நேரில் வந்து பெற்றுக்கொள்கிறேன்' என்று இரண்டே வரி. பிரவுசிங் சென்டரின் மின்விசிறிக்கு அடியில் எனக்கு வியர்த்தது.

அம்மாவிடம் சொன்னேன். அவளும் கலங்கிப்போனாள், காரணம்தான் வேறு.

"கேட்ட வெலய அப்டியே குடுக்கறானா? எவன்டி அவன்? போலீஸா இருக்கப் போறான். வூட்டுக்கெல்லாம் இட்டாராத, கடைக்கு வரச் சொல்லு."

சனிக்கிழமை காலை அவர் மீன் மார்க்கெட்டுக்கு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பூதக்கண்ணாடி, கார்டை வைக்கப் பிளாஸ்டிக் உறை. மீன் தண்ணீரில் கால் படாமல் தாண்டித் தாண்டி வந்தார். அம்மா அப்போதுதான் கூறு கட்டி முடித்திருந்தாள். இன்னும் போணி ஆகவில்லை. அன்றைய முதல் வியாபாரம் நல்லபடியாக முடிந்தால் மொத்த நாளும் நன்றாகப் போகும், முதல் ஆள் வெறுங்கையோடு திரும்பினால் அன்று கூடை நிறைய மீன் மிஞ்சும் என்பது அந்த மார்க்கெட்டில் சட்டம்.

அவர் கார்டைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஒன்பதாயிரத்தை எடுத்து நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

"இன்னா சார், ஒரு வார்த்த கேக்க மாட்டியா?"

"எதுக்கும்மா? நீங்க போட்ட விலைதானே."

"அதெப்டி சார்? கொறச்சிக் கேளு."

அவர் என்னைப் பார்த்தார். நான் பக்கத்துக் கூறிலிருந்த நெத்திலியைப் பார்த்தேன். தயங்கித் தயங்கி, "சரி, எட்டாயிரம்?" என்றார்.

அம்மாவின் முகத்தில் உயிர் வந்தது. "எட்டா? கட்டுப்படி ஆவாது. போ சார், போ!" என்று கையை வீசினாள்.

அந்தப் 'போ'வுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவர் நாலு எட்டு நடக்க வேண்டும், அம்மா கூப்பிட வேண்டும், இரண்டு பேரும் நடுவில் ஒரு விலைக்கு வர வேண்டும். அந்த மனுஷருக்கு இதெல்லாம் தெரியவில்லை. "மன்னிச்சுக்கோங்கம்மா" என்று கார்டை என் கையில் கொடுத்துவிட்டு நிஜமாகவே நடந்தார். நாலு எட்டு தாண்டியது, மூன்று கடை தாண்டியது. திரும்பவே இல்லை. நான் மனதுக்குள் எல்லாச் சாமியையும் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அய்ய, போணி போவுதுடி! ஓடு, இட்டா அந்தாள!"

ஓடினேன். என் வாழ்நாளில் அத்தனை மெதுவாக நான் ஓடியதில்லை. இருந்தும் அவர் ஒரு இறால் கூடைக்காரியிடம் வழி கேட்டு நின்றுவிட்டதால் பிடிபட்டுவிட்டார். எட்டரை ஆயிரத்துக்குப் பேரம் முடிந்தது. அம்மா பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இடுப்பில் செருகினாள். அவர் அம்பயரை உறைக்குள் போட்டு, சட்டைப் பைக்குள் வைத்து, பித்தானையும் போட்டுக்கொண்டு போனார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஐந்நூறு கொறஞ்சதுக்கா அழுவுற?" என்றாள் அம்மா.

"எனக்கு அது வோணும்மா."

சிறு வயதுப் பேச்சு அப்படியே வந்துவிட்டது. அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். திட்டவில்லை. இடுப்பிலிருந்து பணத்தை உருவிக்கொண்டு எழுந்தாள். பக்கத்துக் கடைக்காரி பதறிப்போய், "இன்னாமே, போணிக் காச யாருனா திருப்பிக் குடுப்பாங்களா?" என்று கத்தினாள். முப்பது வருஷ வியாபாரத்தில் அம்மா அப்படிச் செய்ததே இல்லை. காதில் வாங்காமல் என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். அவர் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்.

"சார், காசப் புடி. அத்தக் குடு. புள்ள அழுவுது."

அவர் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார். "இல்லம்மா, வாங்கிட்டேன்."

"சரி, ஒம்போதா வாங்கிக்கோ."

"பன்னெண்டு" என்றார் அவர்.

"பன்னெண்டே தரேன் சார், போ."

"பதினஞ்சு" என்றார் அவர் அவசரமாக. பிறகு, "இருபது."

அம்மா நின்றுவிட்டாள். பேரத்தில் அவள் வாயடைத்து நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். அவரைப் பார்த்தாள், பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"இவன் இன்னா குடுத்தாலும் விக்க மாட்டான்" என்றாள். "நாலு, ஆறு, ஏழர, ஒம்போது... நீயும் இப்டித்தான் ஏத்திகினு இருந்தியா?"

வண்டி கிளம்பிப் போனது. அம்மா தன் ஈரக் கையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். கன்னத்தில் செதில் ஒட்டியது.

"ஆறு மாசமா வெலய ஏத்தத் தெரிஞ்சுது. வோணும்னு ஒரு தபா எங்கிட்ட சொன்னியாடி?"

சொல்லவில்லை. சொன்னாலும் பயனில்லை என்று நானே முடிவு செய்துவிட்டேன். போணிக் காசையே திருப்பிக் கொடுக்க ஓடி வந்தவள், அந்த ஒரு வார்த்தைக்குப் பரணில் ஒரு டின் அளவு இடம் தரமாட்டாள் என்று எதை வைத்து நினைத்தேனோ தெரியவில்லை.