தறிச் சத்தம் நின்ற அரை மணி நேரம்

சென்ற ஆண்டு ஆவணி மாதம், ஆரணியில் விசைத்தறிகள் நிறைந்த ஒரு தெருவில் நடந்தது இது. அப்போது நான் சென்னையில் பொது சுகாதாரத்தில் முதுகலைப் படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பாடம், மக்களின் உடல்நலத்துக்காக அதிகாரத்தில் இருப்பவர்களிடம் பேசி, வாதாடி, ஒரு மாற்றத்தைக் கொண்டுவருவது எப்படி என்பது. வீட்டில் இதை விளக்கியபோது அப்பா, "வக்கீலுக்கா படிக்கிற?" என்றார். "இல்லப்பா, டாக்டருக்கும் வக்கீலுக்கும் நடுவுல" என்றேன். "நடுவுல படிச்சா யாரு வேலை குடுப்பா?" என்று கேட்டார்.

அந்தப் பாடத்தில் தேர்ச்சி பெற, ஏதாவது ஓர் இடத்தில் சின்னதாகவாவது ஒரு மாற்றத்தை உண்மையிலேயே நடத்திக் காட்ட வேண்டும். எனக்கு யோசிக்கவே வேலை இருக்கவில்லை. எங்கள் ஊர் தேவிகாபுரம் பக்கம். அண்ணி தினமும் பஸ் பிடித்து ஆரணிக்குப் போய் ஒரு விசைத்தறிக் கூடத்தில் தார் சுற்றுகிறார், அதாவது தறிக்கு வேண்டிய பட்டு நூலைச் சின்னக் கட்டைகளில் சுற்றிக் கொடுக்கிற வேலை. பெண்கள் நிறையப் பேர் வேலை செய்யும் அந்தக் கூடத்தில் கழிப்பறை கிடையாது. அதனால் அண்ணி காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு, காய்ச்சல் என்று திரும்பத் திரும்பப் படுத்துவிடுவார். கடைசியாகப் பார்த்த டாக்டர், இப்படியே போனால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று கண்டித்துச் சொல்லிவிட்டார். அன்றே முடிவு செய்துவிட்டேன்.

அண்ணி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: "என் பேரை மட்டும் இழுத்துடாத. இருக்கிற வேலையும் போயிடும்."

முதலாளியைப் பார்க்கப் பயந்துகொண்டே போனேன். ஆனால் ஆச்சரியம், மனிதர் என்னைத் தலையில் வைத்துக் கொண்டாடாத குறைதான். சமீபத்தில்தான் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அதிலிருந்து சுகாதாரம் என்று யார் சொன்னாலும் நாற்காலி போட்டு உட்கார வைப்பாராம். "பேசும்மா, தாராளமா பேசு. அப்பிடியே ஹார்ட்டைப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லிடு" என்றார்.

நான் பேசப்போன நாளில் அண்ணி காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தார். அந்தத் தெருவின் வழக்கம் தெரிந்த அவர் மட்டும் அன்று வேலைக்கு வந்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

ஆவணிக் கல்யாண முகூர்த்தங்களுக்குப் பட்டுப் புடவை போக வேண்டிய நேரம். தறிகள் மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருந்தன. நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. முதலாளி கையைத் தூக்கி, "எல்லா தறியையும் நிறுத்துங்க!" என்றார். தறி ஓட்டுகிறவர் ஒருவர், "முதலாளி, நிறுத்தினா தெருவுல..." என்று தொடங்கினார். "என் ஷெட்டு, என் தறி. அஞ்சு நிமிஷம் நின்னா இன்னா கொறஞ்சிடும்?" என்று அவர் வாயை அடைத்துவிட்டார். பக்கத்துக் கூடங்களின் சத்தம் உள்ளே வராமல் இருக்க ஷட்டரையும் பாதிக்கு மேல் இறக்கச் சொன்னார்.

மடிக்கணினியைத் திறந்து பேச ஆரம்பித்தேன். இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அத்தனை ஆண்களுக்கு முன்னால் கழிப்பறை என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை. "பணியிடச் சுகாதாரக் கட்டமைப்பு" என்றேன். "பெண் தொழிலாளர்களின் அடிப்படைத் தேவைகள்" என்றேன். பெண்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். முதலாளி பலமாகத் தலையாட்டினார்.

பேசப் பேச ஒன்றைக் கவனித்தேன். வெளியே பக்கத்துக் கூடத்தின் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் எதிர்க் கூடமும் நின்றது. பிறகு தெருக் கோடி வரைக்கும் ஒவ்வொன்றாக அடங்கியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் பேச்சைக் கேட்க ஒரு தெருவே தறியை நிறுத்துகிறது என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்! குரலை இன்னும் உயர்த்தி, ஐந்து நிமிடப் பேச்சை அரை மணி நேரத்துக்கு இழுத்தேன்.

முடித்ததும் முதலாளி எழுந்து, "பிரமாதம்மா! நாளைக்கே கை கழுவுற சோப்பு வாங்கி வெச்சிடறேன்" என்றார். என் உற்சாகம் சப்பென்று இறங்கியது. விளக்கமாகச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் ஷட்டர் மேலே ஏறியது.

வெளியே தெருவே நின்றுகொண்டிருந்தது. ஆண்கள் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார்கள். முன்னால் பக்கத்துக் கூடத்துக்காரர், கையில் ஆளுயர ரோஜா மாலையோடு, கண் கலங்கி நின்றார். முதலாளியைப் பார்த்ததும் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். ஆளுயர மாலையை எங்கே மறைப்பது?

பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்தத் தெருவில் ஒரு சாவு விழுந்தால் உடலை எடுக்கும்வரை ஒரு தறியும் ஓடாது. கரண்ட் இருக்கும்போது, முகூர்த்த சீசனில், ஸ்டென்ட் வைத்த மனிதரின் கூடத்தில் தறி நின்று ஷட்டரும் இறங்கினால் அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? மரியாதைக்கு அவரவர் தறியை நிறுத்திவிட்டு வந்துவிட்டார்கள்.

"எனக்கா? எனக்காய்யா?" என்று முதலாளி நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு தெருவே சிரித்தது. சாவு மாலையை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாதே என்று பக்கத்துக் கூடத்துக்காரர் தவித்தபோது, "ஃப்ரிட்ஜ்ல போட்டு வையி. என்னிக்கா இருந்தாலும் வேணும்" என்றார் முதலாளி. எல்லாருக்கும் டீ சொன்னார். தறிகள் திரும்ப ஓடத் தொடங்கின. நான் மெல்ல நழுவப் பார்த்தபோதுதான் மாலைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இன்னொரு விஷயம். செய்யார்ல உங்க அக்காவுக்கும் போன் பண்ணிட்டேன்."

மரணத்துக்கு அசராத முதலாளி அப்போதுதான் வியர்த்தார். அக்காவுக்குப் போன் மேல் போன் போட்டார். எடுக்கவில்லை. "ஐயோ பேஜாராப் போச்சே! பஸ்ல அழுதுகினு வந்துகினு இருக்கும். நீ போயிடாதம்மா, நீதான் சொல்லணும்" என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தார். நாங்கள் இருவரும் தண்டனைக்குக் காத்திருப்பவர்கள் போல அருகருகே உட்கார்ந்திருந்தோம்.

ஒரு மணி நேரம் கழித்து ஆட்டோ வந்து நின்றது. தலைவிரி கோலமாக இறங்கிய அந்த அம்மாள், "என் ராசா, என்னை வுட்டுட்டுப் போயிட்டியே!" என்று மாரடித்துக்கொண்டே உள்ளே வந்து, உயிரோடு எழுந்து நின்ற தம்பியைப் பார்த்தார். முகத்தைத் தடவினார். கட்டிக்கொண்டு அழுதார். பிறகு முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். பிறகு, தறிச் சத்தத்தையும் மீறி, அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: "டேய், செய்யார்லேர்ந்து அடக்கிகினு வரேன். ஒண்ணுக்குப் போவணும். ஜல்தியா சொல்லு, பாத்ரூம் எங்க கீது?"

முதலாளி கூரையைப் பார்த்தார். கடைசியில் தார் சுற்றும் பெண் ஒருவர் எழுந்து, எதிர் வீட்டில் கெஞ்சிக் கேட்டு அந்த அம்மாளை அழைத்துப் போனார்.

திரும்பி வந்தவர் தம்பியிடம் போகவில்லை. நேராகப் பெண்களிடம் போனார். "நீங்கள்லாம் எங்கடி போறீங்க?"

"நாங்க தண்ணியே குடிக்கிறதில்லக்கா" என்றார் அந்தப் பெண்.

அந்த அம்மாள் தம்பி பக்கம் திரும்பினார். அப்புறம் பேசினார் பாருங்கள்! நான் அரை மணி நேரம் சுற்றி வளைத்ததை மூச்சு விடுவதற்குள் சொல்லி முடித்தார். "இத்தினி பொம்பளைங்க வேலை செய்யிற எடத்துல ஒரு கக்கூஸு கட்ட வக்கில்ல, ஒனக்கு இன்னாடா ஹார்ட்டு? அதைக் கட்டி முடிக்கிற வரைக்கும் நான் செய்யாருக்குப் போவமாட்டேன். ஒன் வீட்லதான் இருப்பேன்."

இந்தக் கடைசி வாக்கியம் செய்ததை எந்தச் சட்டமும் செய்திருக்காது. மறுநாளே கொத்தனார் வந்துவிட்டார். முதலாளியின் மனைவி தினமும் வந்து நின்று வேலையை விரட்டினாராம். திறப்பு நாளில் அக்கா வாசலில் சூடம் காட்டி, தம்பி கையால் தேங்காய் உடைக்க வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். முதலாளி வீட்டில் அன்று பாயசம் என்று கேள்வி.

பேராசிரியர், "இதில் உங்கள் பங்கு என்ன?" என்று கேட்டபோது, "ஒருவர் இறந்துவிட்டதாக ஊரை நம்ப வைத்தேன் மேடம்" என்று உள்ளதைச் சொன்னேன். சிரித்து முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது. தேர்ச்சி போட்டுவிட்டார்.

அண்ணி இப்போது மதியம் சாப்பாட்டோடு மோர் குடிக்கிறார். காய்ச்சல் வந்து படுப்பதில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் சந்தோஷமாகவும் இருக்கிறது, கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. இன்றும் எங்காவது பேசப் போனால், சொல்லக் கூச்சப்படுகிற அந்த ஒரு வார்த்தையைத்தான் முதலில் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். நம் நாகரிகத்துக்காக இன்னொருத்தி தாகத்தோடு உட்கார்ந்திருக்கக் கூடாது.